54 கிலோமீட்டர் போதும்

நண்பர் ஒருவர் சென்ற மாதம் மின்னஞ்சலில் ஓர் அட்டவணை அனுப்பியிருந்தார். வரும் செப்டம்பரில் நாங்கள் இருவரும் போவதாக இருக்கும் ஃபிரான்ஸ் பயணத்திற்கானது அது. 12 நாட்கள், ஏழு ஊர்கள். பாரிஸில் இறங்கி போர்தோ, துலூஸ், கார்க்காசோன், நார்போன், மோன்பெலியே, அவிஞ்ஞோன், நீஸ் என்று தெற்கை ஒரு வளையமாகச் சுற்றி, திரும்பவும் பாரிஸில் விமானம் ஏறுகிறோம். ஒவ்வோர் ஊருக்கும் எதிரே ரயில் நேரம், விடுதி வாடகை, பார்க்க வேண்டியவை. வங்கியில் முப்பது வருடம் கணக்குப் பார்த்தவர், பைசா பிசகாமல் போட்டிருந்தார். அதில் ஆறாம் நாளுக்கு நேராக இப்படி ஒரு வரி: 'கனால் தூ மிதி, படகுச் சவாரி, 2 மணி நேரம். ஒயின் பண்ணை, 1 மணி நேரம்.' பக்கத்திலேயே ஒரு புகைப்படத்தையும் ஒட்டியிருந்தார். இருபுறமும் உயர்ந்த பிளேன் மரங்கள் கிளை கோத்துக் கூரை வேய்ந்திருக்க, பச்சை நிழலில் ஒற்றைப் படகு.

இந்தக் கட்டுரை அந்த ஒரு வரியோடு எனக்கிருக்கும் கருத்து வேறுபாடுதான்.

அவருடைய தரப்பு பலமில்லாதது அல்ல என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். இருவருக்கும் அறுபது நெருங்குகிறது. விசாவும் விமானமும் விடுதியும் சேர்ந்து கேட்கும் தொகை எங்களைப் போன்றவர்கள் அடிக்கடி செலவழிக்கக்கூடியதல்ல. இரண்டாவது முறை என்று ஒன்று அமையப்போவதில்லை. ஒரே முறை போகிறவன் முடிந்தவரை எல்லாவற்றையும் பார்த்துவிட நினைப்பதில் என்ன தவறு? ஆனால் அதே காரணத்தை வைத்துக்கொண்டு நான் நேர் எதிரான முடிவுக்கு வருகிறேன். ஒரே முறைதான் போகப்போகிறோம் என்றால், ஒரே ஓர் இடத்தையாவது உருப்படியாகப் பார்த்துவிட்டு வர வேண்டும்.

அவருக்கு நான் எழுதிய பதிலில் இரண்டு விஷயங்களைச் சொல்லியிருந்தேன். ஒன்று, அந்தப் படத்தில் இருக்கும் மரங்களில் பெரும்பாலானவை இப்போது அங்கே இல்லாமல் இருக்கலாம். இரண்டு, எட்டு நாட்களை அந்தக் கால்வாயின் 54 கிலோமீட்டருக்குள்ளேயே கழிப்போம். உடனே பதில் வந்தது. 'மரமும் இல்லையென்றால் அங்கே பார்ப்பதற்கு என்னதான் இருக்கிறது?'

நியாயமான கேள்வி. கொஞ்சம் விரிவாகவே பதில் சொல்ல வேண்டும்.

*

கனால் தூ மிதி துலூஸ் நகரில் கரோன் ஆற்றிலிருந்து தொடங்கி, மத்தியதரைக் கடலோரம் உள்ள தோ என்னும் காயலில் முடிகிறது. நீளம் 240 கிலோமீட்டர். 1666இல் பதினான்காம் லூயி மன்னரின் ஆணை பிறந்தது. 1681 மே மாதம் கால்வாய் திறக்கப்பட்டது. அட்லாண்டிக் பக்கத்துச் சரக்கு ஸ்பெயினைச் சுற்றி ஜிப்ரால்டர் வழியாகப் போகாமல் நாட்டின் குறுக்கே மத்தியதரைக் கடலுக்குப் போய்ச் சேர வேண்டும் என்பது திட்டம். இந்தக் கனவு பழையது. பலர் கண்டு, பலர் கைவிட்டது. கைவிட்டதற்குக் காரணம் மண்ணைத் தோண்டும் சிரமம் அல்ல, தண்ணீர்.

இரண்டு கடல்களுக்கும் நடுவே நோரூஸ் என்ற இடத்தில் நிலம் கடல் மட்டத்திலிருந்து 189 மீட்டருக்கு உயர்கிறது. அங்கே விழும் மழையில் ஒரு பகுதி மேற்கே ஓடி அட்லாண்டிக்கைச் சேரும், மறுபகுதி கிழக்கே ஓடி மத்தியதரைக் கடலைச் சேரும். கால்வாய் அந்த மேட்டின்மேல் ஏறி இறங்கியாக வேண்டும். ஏறுவதற்கும் இறங்குவதற்கும் நீர்ப்பூட்டுகள் இருக்கின்றன: இரண்டு கதவுகளுக்கு நடுவே படகை நிறுத்தி, நீரை நிரப்பினால் படகு ஏறும், வடித்தால் இறங்கும். ஆனால் ஒவ்வொரு படகும் கடந்து போகும்போது உச்சியிலிருந்து ஒரு தொட்டித் தண்ணீர் கீழே போய்விடுகிறது. அது திரும்பி மேலேறாது. ஆகவே உச்சிமேட்டில், கோடையிலும் வற்றாமல், ஓயாது நீர் வந்துகொண்டே இருக்க வேண்டும். எங்கிருந்து வரும்?

இதற்கு விடை கண்டவர் பொறியாளர் அல்ல. பியேர் போல் ரிகே அந்தப் பகுதியில் உப்பு வரி வசூலிக்கும் குத்தகை எடுத்திருந்தவர், பெசியே நகரத்துக்காரர். நோரூஸுக்கு வடகிழக்கே இருக்கும் கறுப்பு மலையின் ஓடைகளை ஒவ்வொன்றாக மறித்து, மலைச்சரிவைச் சுற்றி வரும் சிறு வாய்க்கால்களில் திருப்பி, உச்சிமேட்டுக்குக் கொண்டுவந்துவிடலாம் என்பது அவருடைய யோசனை. 1662இல் அமைச்சர் கோல்பேருக்கு எழுதினார். பொன்ரெப்போவில் இருந்த தன் மாளிகைத் தோட்டத்திலேயே சிறிய அளவில் வாய்க்கால் வெட்டிச் சோதித்துப் பார்த்தார். ஓடைகளின் போக்கை அவருக்குக் காட்டிக்கொடுத்தவர் ரெவெல் ஊரில் நீரூற்றுகளைப் பராமரித்துவந்த பியேர் காம்பமாஸ். சேன் ஃபெரியோல் அணை 1667இல் தொடங்கி 1672இல் முடிந்தது. 60 லட்சம் கன மீட்டருக்கு மேல் நீரைத் தேக்கும் அந்த அணை இன்றைக்கும் கால்வாய்க்கு நீர் தருகிறது.

ரிகே 1680 அக்டோபரில் இறந்தார். திறப்புவிழாவுக்கு ஏழு மாதம்தான் மிச்சம். சொந்தச் சொத்தையும் இதில் கொட்டிக் குடும்பத்துக்குப் பெருங்கடனை விட்டுப்போனார். பெசியேயில் அவர் பெயரைத் தாங்கிய நிழற்சாலையில் அவருடைய சிலை இருக்கிறது. அந்தச் சாலையைப் பிறகு வேறொரு காரியத்துக்காக நாம் திரும்பவும் நினைக்க வேண்டிவரும்.

சிலை இருப்பது ரிகேவுக்கு. வெட்டியவர்களுக்கு இல்லை. உச்சகட்டத்தில் ஏறத்தாழ 12,000 பேர் வேலை செய்திருக்கிறார்கள். அவர்களில் பெண்கள் கணிசம். சமூகவியலாளர் சந்திரா முகர்ஜி 2009இல் வெளியிட்ட 'இம்பாசிபிள் இன்ஜினியரிங்' என்ற நூல் இந்தப் பெண்களைப் பற்றி முக்கியமானதொரு வாதத்தை முன்வைக்கிறது. பிரெனே மலைக் கிராமங்களிலிருந்து வந்த பெண் கூலிகள் மண் சுமந்தவர்கள் மட்டுமல்லர். சரிவைக் கணித்து நீரை வழிநடத்தும் அறிவை, ரோமானியர் காலத்திலிருந்து கைமாறி வந்த ஒரு வாழும் மரபாக, அவர்கள் தங்களோடு கொண்டுவந்தார்கள். எழுதப்படிக்கத் தெரியாதவர்களின் அறிவு கணக்கில் வராமல் போய், அரசனின் மகிமையாகவும் ஒரு மேதையின் தனிச் சாதனையாகவும் கால்வாய் வரலாற்றில் பதிவாயிற்று என்கிறார் அவர். இதைப் படித்தபின் அந்தக் கரையில் நடப்பவனுக்குக் காலடி மண் வேறொன்றாக இருக்கும் என்றே நினைக்கிறேன்.

*

சரி, 240இல் ஏன் 54 மட்டும்?

கால்வாய் நெடுகிலும் நீர்ப்பூட்டுகள் அடுத்தடுத்து வருகின்றன. ஆனால் ஆர்ழான்ஸ் என்ற கிராமத்திலிருந்து பெசியேயின் நுழைவாயிலான ஃபோன்செரான் வரை 54 கிலோமீட்டருக்கு ஒன்றுகூடக் கிடையாது. நீர் ஒரே மட்டத்தில், மேடும் பள்ளமும் தொடாமல், குன்றுகளின் இடுப்பை ஒட்டி வளைந்து வளைந்து போகிறது. பறவை பறந்தால் தூரம் இதைவிடக் குறைவாகவே இருக்கும். நில அமைப்புக்குப் பணிந்தே அதை வென்ற தடம் அது. மினெர்வுவா திராட்சைத் தோட்டங்களை ஒட்டிச் செல்லும் பகுதியும் இதுவே. பராசா, வாந்தெனாக், லெ சொமாய், ஆர்ழெலியே, கப்பெஸ்தான், புவாய், கொலோம்பியே என்று கைவிரல்களில் எண்ணிவிடக்கூடிய ஊர்கள். பராசாவுக்கு அருகே ரெபுத்ர் என்ற சிற்றாற்றின் மேலே கால்வாயே ஒரு பாலமாகக் கடந்து போகிறது, ஆற்றின்மேல் ஆறு. 1676இல் கட்டியது. லெ சொமாய் நெடுங்காலமாகப் பழைய புத்தகங்களுக்குப் பெயர்போன சிற்றூர் என்பதை நண்பருக்கு எழுதிய கடிதத்தில் வேண்டுமென்றே கடைசியில் சேர்த்தேன். தூண்டிலில் புழு வைப்பதில் தவறில்லை.

இந்தத் தடத்தில் ஓர் இடத்திற்கு மட்டும் ஒரு முழுநாள் தர வேண்டும் என்பேன். மல்பாஸ் குன்று. குன்றின் உச்சியில் ஆன்செரூன் என்ற, ரோமானியருக்கு முந்தைய குடியிருப்பின் எச்சங்கள், கி.மு. ஆறாம் நூற்றாண்டிலேயே மனிதர்கள் வாழ்ந்த இடம். அங்கிருந்து வடக்கே பார்த்தால் மோந்தாடி என்னும் வற்றிய ஏரி. 13ஆம் நூற்றாண்டில், 1247இல் அனுமதி பெற்று, அந்தச் சதுப்பை வடித்தார்கள். வடிகால்கள் எல்லாம் சக்கரத்தின் ஆரக்கால்கள்போல நடுவில் கூடுகின்றன. வயல்கள் சூரியக் கதிர்களைப் போல விரிந்து கிடக்கின்றன. நடுவில் கூடிய நீர் எங்கே போகிறது? நாம் நிற்கும் இதே குன்றுக்கு அடியில் குடைந்த ஒரு சுரங்கத்தின் வழியாக மறுபுறம் போகிறது. அதற்கு நானூறு ஆண்டுகளுக்குப்பின் ரிகே அதே குன்றைக் குடைந்தார். நொறுங்கும் பாறை, உள்ளே இடிந்துவிடும், நிறுத்துங்கள் என்றார்கள், அவர் நிறுத்தவில்லை. படகு செல்வதற்காக ஐரோப்பாவில் குடையப்பட்ட முதல் சுரங்கம் அது. பிறகு 19ஆம் நூற்றாண்டில் ரயில் வந்தது. அதற்கும் இதே குன்றில் இன்னொரு சுரங்கம். இத்தாலியை ஸ்பெயினோடு இணைத்த ரோமானிய நெடுஞ்சாலையும் இக்குன்றின் பக்கமாகவே போயிருக்கிறது. ஒரு சிறு குன்றுக்குள் மாடி மாடியாக இத்தனை நூற்றாண்டுகள். இதைப் படகில் கடக்கச் சில நிமிடம்தான் ஆகும். படகுக்காரர் விளக்கைப் போடுவார், நாம் ஒரு படம் எடுப்போம், வெளிச்சம் வந்துவிடும். 'படகுச் சவாரி, 2 மணி நேரம்' என்பதன் பொருள் இதுதான்.

கார்க்காசோன் கோட்டையை விட முடியாது என்கிறார் நண்பர். விட வேண்டாம். ஆனால் இதைத் தெரிந்துகொண்டு போகலாம்: இன்று நாம் பார்க்கும் அந்தக் கோபுரங்களின் தோற்றம் 1853இல் வியோலே லெ தூக் தொடங்கிய மறுகட்டுமானத்தின் விளைவு. கால்வாயும் முதலில் அந்த ஊரைத் தொடவில்லை. செலவில் பங்கு தர நகரத்தார் மறுத்ததால் ஒதுங்கிப் போயிற்று. 1810இல்தான் தடம் மாற்றி ஊருக்குள் கொண்டுவந்தார்கள். ஓர் அரைநாள் தாராளமாகக் கொடுக்கலாம்.

*

இனி அந்த ஒரு மணி நேர 'ஒயின் பண்ணை'.

நண்பர் குடிப்பவர் அல்லர். 'சும்மா பார்த்துவிட்டு வருவோம்' என்கிறார். குடிக்காதவரும் பார்க்க வேண்டிய நிலம் இது என்பதே என் எண்ணம். அங்கே ஒயின் முதலில் ஒரு விவசாயம், பிறகுதான் பானம்.

19ஆம் நூற்றாண்டின் நடுவில் ரயில் வந்ததும் லாங்தொக் பகுதி தன் கோதுமையையும் ஆடுகளையும் கைவிட்டு முழுக்கத் திராட்சைக்கு மாறியது. வடக்கின் ஆலைத் தொழிலாளர்கள் குடிக்கும் மலிவான சிவப்பு ஒயின் அத்தனையும் இங்கிருந்துதான் போயிற்று. 1860களில் ஃபிலோக்செரா என்ற வேர்ப்பூச்சி வந்து தோட்டங்களை அழித்தது. அமெரிக்கக் கொடியின் வேரில் பிரெஞ்சுக் கொடியை ஒட்டுப்போட்டுத்தான் மீண்டார்கள். மீண்டபோது வேறொரு நோய் காத்திருந்தது. தட்டுப்பாட்டுக் காலத்தில் சர்க்கரையும் நீரும் சேர்த்து ஒயின் 'செய்ய'க் கற்றுக்கொண்ட வியாபாரிகள் அதை நிறுத்தவில்லை. அல்ஜீரியாவிலிருந்தும் ஒயின் வந்து குவிந்தது. விலை சரிந்தது. விளைந்ததை வாங்க ஆளில்லாமல், பீப்பாய் நிறையக் கடனோடு உட்கார்ந்திருந்தான் விவசாயி.

1907 மார்ச் 11ஆம் தேதி, நம் 54 கிலோமீட்டருக்குள் இருக்கும் ஆர்ழெலியே கிராமத்திலிருந்து 87 பேர் நார்போன் நகருக்கு ஊர்வலமாகப் புறப்பட்டார்கள். அங்கே வந்திருந்த நாடாளுமன்ற விசாரணைக் குழுவிடம் முறையிடுவதற்காக. முன்னால் நடந்தவர் மார்செலின் அல்பேர், உள்ளூரில் சிறு காபிக்கடை நடத்திய திராட்சை விவசாயி. அதன்பின் ஞாயிறுதோறும் ஒரு நகரம். ஜூன் 9இல் மோன்பெலியேயில் கூடியவர்கள் ஐந்து லட்சத்துக்கும் மேல் என்று சொல்லப்படுகிறது. பிரதமர் கிளெமான்சோ படையை அனுப்பினார். ஜூன் 19, 20 தேதிகளில் நார்போனில் துருப்புகள் சுட்டதில் ஆறு பேர் இறந்தார்கள். செய்தி பரவியதும் 17ஆவது காலாட்படையைச் சேர்ந்த ஏறத்தாழ 500 சிப்பாய்கள், எல்லோரும் அந்த மண்ணின் விவசாயி மக்கள், ஆயுதங்களோடு முகாமைவிட்டு வெளியேறி இரவெல்லாம் நடந்து பெசியேக்கு வந்து சேர்ந்தார்கள். மக்களைச் சுட மாட்டோம் என்று துப்பாக்கியைச் சாய்த்து வைத்துவிட்டு அவர்கள் உட்கார்ந்த இடம், முன்பு சொன்ன அதே ரிகே நிழற்சாலை. மக்கள் அவர்களுக்கு உணவும் ஒயினும் கொண்டுவந்து கொடுத்தார்கள். பிறகு அந்தச் சிப்பாய்கள் துனீசியாவின் காஃப்ஸாவுக்கு அனுப்பப்பட்டார்கள். ஜூன் 29இல் கலப்பட ஒயினுக்கு எதிரான சட்டம் நிறைவேறியது.

அல்பேரின் முடிவுதான் எனக்கு மறப்பதில்லை. ரகசியமாகப் பாரிஸ் போய்க் கிளெமான்சோவைச் சந்தித்தார். திரும்பிப்போக ரயில் செலவுக்கென்று கிளெமான்சோ 100 பிராங்க் கொடுத்தார், வெள்ளந்தியாக வாங்கிக்கொண்டார். அதைப் பத்திரிகைகளுக்குச் சொல்லிவிட்டார் கிளெமான்சோ. லட்சக்கணக்கானவர்கள் மீட்பர் என்று கொண்டாடிய மனிதர் ஒரே வாரத்தில் விலைபோனவர் ஆனார். ஒரு நாவலாசிரியனால் இதைவிடக் கொடூரமாக ஒரு காட்சியை யோசித்துவிட முடியுமா என்று தெரியவில்லை. ஆர்ழெலியே வழியாகப் படகில் போகிறவர்களில் எத்தனை பேர் கரையிறங்கி அந்தத் தெருவில் நடக்கிறார்கள்?

இது பழங்கதை என்றால் விட்டுவிடலாம். அப்படியும் இல்லை. 1960களில் ஒரு பிரெஞ்சுக்காரர் ஆண்டுக்குச் சராசரியாக நூறு லிட்டருக்கும் மேல் ஒயின் குடித்தார். இன்று அதில் பாதிகூட இல்லை. கொடியைப் பிடுங்கிவிட்டு நிரந்தரமாக வெளியேறும் விவசாயிக்கு ஹெக்டேருக்கு 4,000 யூரோ தரும் திட்டத்தை 2024இல் அரசு கொண்டுவந்தது. தாத்தா நட்ட கொடியைப் பேரன் இயந்திரம் வைத்துப் பிடுங்குகிறான். பிடுங்கிய நிலத்தில் புதர் மண்டுகிறது. 2025 ஆகஸ்ட் 5ஆம் தேதி கொர்பியேர் பகுதியில் ரிபோத் என்ற ஊருக்கருகே பற்றிய தீ 16,000 ஹெக்டேரை எரித்தது. ஓர் உயிரும் போயிற்று. பராமரித்த திராட்சைத் தோட்டம் தீயைத் தடுத்து நிறுத்தும் வெட்டவெளி. அது போனதால்தான் தீ இவ்வளவு தூரம் ஓடியது என்று அந்தப் பகுதி மக்கள் சொன்னார்கள். வறட்சியும் காற்றும் சேர்ந்த காரணங்கள் இருக்கின்றன, ஒன்றை மட்டும் குற்றவாளியாக்க முடியாது. ஆனாலும் ஒரு பயிர் ஒரு நிலத்தைக் காத்துக்கொண்டிருந்தது என்பது அது போன பிறகே தெரிகிறது.

*

கடைசியாக, அந்த மரங்கள்.

அட்டவணையில் நண்பர் ஒட்டியிருந்த பச்சைக் கூரையை உலகம் முழுவதும் கனால் தூ மிதியின் முகமாக அறிகிறார்கள். உண்மையில் ரிகேவின் காலத்தில் அது இல்லை. பிளேன் மரங்களில் பெரும்பாலானவை 19ஆம் நூற்றாண்டில் நட்டவை. ஏறத்தாழ 42,000 மரங்கள். நிழலால் நீர் ஆவியாவதைக் குறைத்தன, வேரால் கரையைப் பிடித்துக்கொண்டன. 2006இல் வில்துபேர் என்ற ஊரருகே ஒரு பூஞ்சை நோய் கண்டுபிடிக்கப்பட்டது. இரண்டாம் உலகப்போரில் அமெரிக்கப் படை கொண்டுவந்த வெடிமருந்துப் பெட்டிகளின் மரப்பலகையில் ஒளிந்து ஃபிரான்ஸுக்குள் நுழைந்த நோய் என்று கருதப்படுகிறது. மருந்து கிடையாது. நோய் கண்ட மரத்தையும் அதன் அண்டை மரங்களையும் வெட்டி அங்கேயே எரிக்க வேண்டும். இதுவரை பாதிக்கும் மேற்பட்ட மரங்கள் போய்விட்டன. அந்த இடங்களில் துருக்கி ஓக் முதலிய வேறு மரக்கன்றுகளை நட்டுவருகிறார்கள். அவை கூரை வேயும்போது நானும் நண்பரும் இருக்க மாட்டோம்.

இதில் ஒரு விஷயம் என்னைப் பல நாட்கள் தொந்தரவு செய்தது. நோய் பரவிய வழிகளில் ஒன்று படகு. கரையோரம் நீரில் நீண்டிருக்கும் வேர்களைப் படகின் பக்கவாட்டு உரசிக் காயப்படுத்தும், அந்தக் காயத்தின் வழியே பூஞ்சை உள்ளே போகும். அடுத்த மரத்தை அடுத்த படகு உரசும். மரங்களில் கயிறு கட்டிப் படகை நிறுத்தவும் கூடாது என்று தடை இருக்கிறது. வாடகைப் படகை ஓட்டுவதற்கு அங்கே உரிமம் தேவையில்லை. அரைமணி நேரம் சொல்லிக்கொடுத்துச் சாவியைத் தந்துவிடுவார்கள். அதாவது, அந்த நிழலைப் பார்க்க வந்தவர்களே, ஒரு தீய எண்ணமும் இல்லாமல், கைதவறி, அதன் அழிவில் பங்காளிகளாகியிருக்கிறார்கள்.

அப்படியானால் போகாமலே இருந்துவிடுவது நேர்மையானதல்லவா? இந்தக் கேள்வியை எனக்குள் கேட்டுப் பார்த்தேன். இல்லை என்றே தோன்றுகிறது. 1980களுக்குள் சரக்குப் போக்குவரத்து ஏறக்குறைய நின்றுபோன பிறகு, இந்தக் கால்வாய் தூர்ந்து போகாமல் இருப்பதற்குப் பயணிகளும் ஒரு காரணம். 1996இல் உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவிக்கப்பட்டதும் அந்த வகையில் உதவியிருக்கிறது. ஒரு கூட்டுறவு ஒயின் கூடத்தின் விற்பனை மேசையில் நாம் கொடுக்கும் பத்து யூரோ, நிலத்தை விட்டுப் போகாத ஒரு விவசாயிக்குச் சேரும். பெசியேக்கு அருகே மரோசான் கிராமத்தில் 1901இல் சிறுவிவசாயிகள் கூடி அத்தகைய கூட்டுறவைத் தொடங்கினார்கள்; ழான் ழோரெஸ் 1905இல் அதை நேரில் வந்து பாராட்டினார். ருசி பார்த்துத் துப்பிவிடுவது அங்கே மரியாதைக் குறைவல்ல என்பதால் என் நண்பருக்கும் சங்கடமில்லை. போகலாம்; எப்படிப் போகிறோம் என்பதில்தான் விஷயம்.

ஆகவே என் மாற்றுத் திட்டம் இது. பாரிஸிலிருந்து நேராக நார்போனுக்கு ரயில், நாலரை மணி நேரம். அங்கிருந்து கால்வாய்க் கரையில் ஒரு கிராமத்தில் அறை, எட்டு நாளும் அதே அறை. பகலில் கரையோரப் பாதையில் நடை, இயன்றால் வாடகைச் சைக்கிள். துலூஸ் பக்கம் போலத் தார் போட்ட பாதை இங்கே கிடையாது. மண்ணும் வேரும் இருக்கும், மெதுவாகத்தான் போக முடியும், போனால் போதும். படகு வேண்டுமென்றால் ஒருநாள், அனுபவமுள்ளவர் ஓட்டும் படகு. அவையும் மணிக்கு 8 கிலோமீட்டரைத் தாண்டக் கூடாது. ஜூலை, ஆகஸ்ட் வேண்டாம், வெயிலும் தீயும். செப்டம்பர் நடுவில் அறுவடை ஏறக்குறைய முடியும் நேரம், தெருவெல்லாம் புளித்த திராட்சை வாசம் இருக்கும் என்கிறார்கள். நவம்பருக்குப் பின் பராமரிப்புக்காகக் கால்வாயை மூடிவிடுவார்கள். நண்பகலில் எல்லாக் கடையும் அடைத்திருக்கும். அந்த இரண்டு மணி நேரத்தை எரிச்சலோடு கழிக்காமல் அவர்களைப் போலவே உட்கார்ந்து சாப்பிடப் பழக வேண்டும். செர்ஸ் என்ற வடமேற்குக் காற்று அடிக்கும் நாட்களில் சைக்கிளை எடுக்கக் கூடாது. அகஸ்டஸ் சீசரே அந்தக் காற்றுக்குக் கோயில் எடுத்ததாகச் செனக்கா எழுதியிருக்கிறார். நாம் சைக்கிளை ஓரங்கட்டுவதில் இழிவு ஒன்றுமில்லை.

'அங்கே பார்ப்பதற்கு என்னதான் இருக்கிறது?' என்ற கேள்விக்கு இவ்வளவும் சேர்ந்ததுதான் பதில். தண்ணீரை மலையிலிருந்து கொண்டுவந்தவர்கள், குன்றைக் குடைந்தவர்கள், துப்பாக்கியைக் கீழே வைத்தவர்கள், இன்று கொடியைப் பிடுங்குவதா வேண்டாமா என்று இரவில் தூங்காமல் கிடப்பவர்கள். மரம் இருந்த காலத்தில் இவை நிழலில் இருந்தன.

இதையெல்லாம் நண்பருக்கு எழுதி ஒரு வாரம் ஆயிற்று. நேற்று அவரிடமிருந்து புதிய அட்டவணை வந்தது. போர்தோவும் அவிஞ்ஞோனும் நீஸும் அடிக்கப்பட்டிருந்தன. பச்சைக் கூரைப் படத்தையும் எடுத்துவிட்டார். ஆறாம் நாளுக்கு எதிரே 'ஆர்ழெலியே, நடந்து' என்று மட்டும் போட்டிருந்தது. நேரம் குறிப்பிடவில்லை.